வெயிலும் காற்றும் புதுக் கேமராவும்

புது டிஎஸ்எல்ஆர் வாங்கிய வாரத்தில் வெளியே போய் எடுக்கும் முதல் வீடியோ, ஊருக்குக் காட்டுவதற்கானது அல்ல. எடுத்தவரே தனியாக உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியது. கேமரா எங்கே திணறுகிறது என்று கண்டுபிடிக்கக் கிளம்புகிறவருக்கு ஒரு காலைப் பொழுது போதும். அழகான காட்சி தேடிக் கிளம்புகிறவர் அந்தத் திணறல்களை ஒவ்வொன்றாக, கல்யாண வீட்டிலோ குழந்தையின் பிறந்தநாளிலோ சந்திக்க நேரிடும்.

இந்தக் கேமரா பிறந்தது புகைப்படத்துக்காக. வீடியோ பின்னால் வந்து சேர்ந்தது. 2008 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட நிக்கான் டி90தான் வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர். அடுத்த மாதமே கேனன் 5டி மார்க் 2 முழு ஹெச்டி தரத்தோடு அறிவிக்கப்பட்டது. அமெரிக்கப் புகைப்படக்காரர் வின்சென்ட் லஃபோரே அதை ஒரு வார இறுதிக்கு இரவல் வாங்கி, நியூயார்க்கில் ‘ரெவரி’ என்ற குறும்படத்தை எடுத்தார். அதைப் பார்த்த பிறகுதான் உலகம் முழுக்க இளைஞர்கள் ஸ்டில் கேமராவில் சினிமா எடுக்கும் ஆசையில் விழுந்தார்கள். 2010-ல் ‘ஹவுஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஆறாவது சீசனின் கடைசிப் பகுதி இதே 5டியில் படமானது. தமிழில் 2012-ல் பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ படத்தை விஜய் மில்டன் டிஎஸ்எல்ஆரில் ஒளிப்பதிவு செய்தார்.

‘ரெவரி’ பெரும்பாலும் இரவுக் காட்சிகளால் ஆனது. பெரிய சென்சாரின் பலம் இருட்டில்தான் முழுதாகத் தெரியும் என்று லஃபோரேக்குத் தெரிந்திருந்தது. புதிதாக வாங்கியவர்களோ பெட்டியைப் பிரித்த கையோடு பத்து மணி வெயிலில் போய் நிற்கிறார்கள். அங்கே அந்தப் பலமே பாரமாகிவிடுகிறது.

கணக்கு எளிது. வினாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும்போது ஷட்டரை 1/50-ல் வைத்தால்தான் நடப்பவரின் கைவீச்சு நம் கண் பழகிய மாதிரி லேசாகக் கலங்கி, இயல்பாகத் தெரியும். புகைப்படக்காரர்களின் பழைய விதிப்படி நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 என்றால் அப்பெர்ச்சர் எஃப் 16. ஷட்டர் 1/50-க்கு இறங்கினால் அப்பெர்ச்சர் எஃப் 22 வரை மூட வேண்டும். அவ்வளவு சின்ன துளை வழியே வரும் ஒளி சிதறி, படத்தின் கூர்மை குறையும். பின்னணி மங்கி முகம் மட்டும் துலங்கும் அழகும் போய்விடும். அதற்காகத்தான் பலர் இந்தக் கேமராவையே வாங்கியிருப்பார்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. சென்சாரில் ஒட்டிய தூசி, அப்பெர்ச்சர் திறந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. எஃப் 22-ல் நீல வானத்தை எடுத்துப் பாருங்கள், கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

ஷட்டரை 1/1000-க்கு ஏற்றிவிட்டால் எக்ஸ்போஷர் சரியாகிவிடும். ஆனால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். இதைச் சொல்லிப் புரியவைப்பதை விட எடுத்துப் பார்ப்பது மேல். கடற்கரையில் ட்ரைபாடை ஊன்றி, கரையில் உடையும் அலையை 1/50-ல் ஒருமுறையும் 1/1000-ல் ஒருமுறையும் பத்துப் பத்து வினாடி எடுத்தால் போதும். இரண்டாவதில் நீர்த்துளிகள் குத்துகுத்தாகத் துள்ளும்.

இதற்குத் தீர்வு என்டி ஃபில்டர், லென்ஸுக்கு மாட்டும் கூலிங் கிளாஸ். எஃப் 22-லிருந்து எஃப் 2.8-க்கு வர ஆறு ஸ்டாப், அதாவது ஆறு முறை பாதி பாதியாக, வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு என்டி 64. சுற்றிச் சுற்றி அடர்த்தியை மாற்றும் வேரியபிள் வகை வெளிப்புறத்துக்கு வசதி. அது இரண்டு போலரைசர் கண்ணாடிகளால் ஆனது என்பதால், கடைசி வரை திருப்பினால், குறிப்பாக வைடு லென்ஸில், படத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி ஒரு நிழல் விழும். எந்த இடத்தில் அது தொடங்குகிறது என்று முதல் நாளே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோதனைக்குச் சென்னை பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரை தோதான இடம். அங்கே 1930-ல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டேனிஷ் மாலுமி ஷ்மிட்டின் நினைவாக ஒரு வெள்ளை மண்டபம் நிற்கிறது. அதன் வளைவுக்குக் கீழே ஒருவரை நிற்கவைத்து எடுத்தால் கேமராவின் எல்லை தெரிந்துவிடும். முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் வெயில் விழும் வெள்ளைச் சுவர் வெளுத்துப்போகும். சுவருக்கு வைத்தால் முகம் இருண்டுவிடும். புகைப்படத்தில் ரா ஃபைல் எடுத்துக் கம்ப்யூட்டரில் மீட்டவர்களுக்கு இங்கேதான் அதிர்ச்சி. சாதாரண டிஎஸ்எல்ஆர் வீடியோ அழுத்திச் சுருக்கப்பட்ட ஃபைல். வெளுத்துப்போன இடம் திரும்ப வராது.

நேரமும் முக்கியம். சென்னை வட அட்சரேகை 13 டிகிரியில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கண்குழிகளில் கறுப்பு நிழல், மூக்கு நுனியில் பளபளப்பு. காலையில் கடலைப் பார்த்து ஒருவரை நிறுத்தினால் இதமான வெளிச்சம் முகத்தில் விழும். கடலுக்கு முதுகைக் காட்டி நிறுத்தினால் தலைமுடி ஓரத்தில் ஒளிக்கோடு கிடைக்கும். இரண்டையும் எடுக்க வேண்டும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் மேகம் ஒன்று கடக்கும்போதே நடு ஷாட்டில் நிறம் மாறிவிடும். சூரியன் படம் போட்ட டேலைட்டில் நிறுத்திவிடுவது நல்லது.

வீடியோ ஓடும்போது டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். அதனால் வியூஃபைண்டர் இருட்டு. பின்பக்கத் திரைதான் கதி. வெயிலில் அந்தத் திரை சரியாகத் தெரியாது. தெரியாததால் ஆட்கள் எக்ஸ்போஷரை ஏற்றிக்கொண்டே போவார்கள். ரெக்கார்டிங்குக்கு முன்னால், வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் பார்க்கும் பழக்கம் வந்தால் இந்த ஏமாற்றம் இல்லை. தலையோடு கேமராவையும் சேர்த்து மூடிக்கொள்ள ஒரு கறுப்புத் துணி பையில் இருக்கட்டும்.

படத்துக்கு இவ்வளவு பாடுபடுகிறவர்கள் ஒலியை மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் வெளிப்புற வீடியோவில் கெட்டுப்போவது பெரும்பாலும் காதுக்குரிய பாதிதான். கேமரா உடம்பில் இருக்கும் சின்ன துளை மைக் கடற்காற்றில் ‘படபட’ என்று அடிக்கும். பேசுகிறவர் குரல் அதற்குள் முங்கிப்போகும். மெனுவில் உள்ள விண்ட் ஃபில்டர் அடித்தொனியைத்தான் கொஞ்சம் வெட்டும். ஒலி அளவு ஆட்டோவில் இருந்தால், பேச்சு நின்ற கணத்தில் கேமரா தானாகவே அளவை ஏற்றி இரைச்சலை மேலே கொண்டுவரும். ஆகவே வெளி மைக், அதன் மேல் ரோமக் கவசம், அளவு மேனுவலில், உரக்கப் பேசும்போது மைனஸ் 12 டெசிபல் அருகே முள் நிற்கும்படி. மைக் வாங்கும் வரை, பேசுகிறவரின் சட்டைப்பையில் செல்போனை ரெக்கார்டிங்கில் வைத்து, ஷாட் தொடங்கும்போது கேமரா முன்னால் ஒரு முறை கை தட்டினால் போதும். எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் ஒட்டிவிடலாம்.

அசைவு விஷயத்தில் இரண்டைக் கவனித்தால் போதும். சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், கேமராவைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால் விளக்குக் கம்பங்கள் சாய்ந்து தெரியும். எவ்வளவு வேகம் வரை சாயாமல் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கையில் பிடித்து எடுப்பதானால், கழுத்து வாரை விறைப்பாக இழுத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டால் நடுக்கம் நன்றாகக் குறையும். ஆட்டோஃபோகஸ் பழைய மாடல்களில் முன்னும் பின்னும் தேடி அலையும். 2013-ல் கேனன் 70டியில் வந்த டூயல் பிக்சல் முறைக்குப் பிறகு அந்த முறை உள்ள கேமராக்களில் நிலைமை மாறியது.

மெனுவில் பால், என்டிஎஸ்சி என்று இரண்டு வீடியோ முறைகள் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பால்தான் சரி. மாறாக வைத்தால் பகலில் வித்தியாசம் ஒன்றும் தெரியாது. இருட்டியதும் சுண்டல் கடையின் டியூப்லைட்டைச் சுற்றிப் பட்டைகள் ஓடும்.

ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியதைத் தொடக்கத்தில் வாயால் சொல்லிவிடுவது சிறந்த குறிப்பேடு: “ஐஎஸ்ஓ 100, எஃப் 4, ஃபில்டர் போட்டிருக்கு.” கடற்கரையில் மட்டும் லென்ஸைக் கழற்றக் கூடாது, மணலும் உப்புக்காற்றும் நேரே உள்ளே போகும்.

அன்று மாலையே பெரிய திரையில் ஹெட்போன் போட்டுப் பார்க்கும்போது, அடுத்து எதற்குப் பணம் தேவை என்பது தெரிந்துவிடும். அநேகமாக அது புது லென்ஸாக இருக்காது. முதலில் மைக், பிறகு ஃபில்டர். ஃபில்டரை மட்டும் கையில் உள்ள கிட் லென்ஸ் அளவுக்கு வாங்காமல் 77 மில்லிமீட்டரில் வாங்கி, ஸ்டெப்-அப் வளையம் போட்டு மாட்டுவது லாபம். கேனன் 18-55-க்கு 58-லிருந்து 77-க்கு மாற்றும் வளையம் வேண்டும். நாளைக்கு வாங்கும் பெரிய லென்ஸுக்கும் அதே ஃபில்டர் உதவும்.