590 ரூபாய் பாக்கி, நின்னு போன வீட்டுக் கடன்: கட்டாத பில் உங்க சிபிலை என்ன செய்யும்?



போன வருஷம் ஜூலைல ஐடி ரிட்டர்ன் ஃபைல் பண்ண ஒரு தம்பி ஆபீஸுக்கு வந்தார். வயசு 28, நல்ல சம்பளம். அப்பா ரிட்டயர் ஆகப் போறார்னு ஒரு ஃப்ளாட் பார்த்து, 2 லட்சம் அட்வான்ஸும் கொடுத்தாச்சு. வங்கி 30 லட்சம் கடன் தர மறுத்துடுச்சு. "அண்ணா, நான் இதுவரைக்கும் ஒரு கடன்கூட வாங்கினதில்ல. எப்படிண்ணா ரிஜெக்ட் ஆகும்?"னு கேட்டார்.

ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தோம். முதல் வேலைல சேர்ந்தப்போ, ஆபீஸ் ஃபுட் கோர்ட்ல ஸ்டால் போட்டவங்க கொடுத்த ஒரு கிரெடிட் கார்டு. முதல் வருஷம் கட்டணம் இல்லை. ஒரே ஒரு தடவை சினிமா டிக்கெட் எடுத்து, அந்தப் பணத்தையும் கட்டிட்டார். அப்புறம் பிஜி மாறினார், போன் நம்பர் மாறினார். ஸ்டேட்மென்ட் எல்லாம் அவர் திறந்தே பார்க்காத காலேஜ் மெயிலுக்குப் போயிட்டு இருந்தது. இரண்டாம் வருஷக் கட்டணம் 500, ஜிஎஸ்டி 18 சதவீதம் 90, மொத்தம் 590 ரூபாய். அங்கதான் ஆரம்பிச்சது.

தாமதக் கட்டணம், வட்டி, அதுக்கு ஜிஎஸ்டி, அடுத்த வருஷக் கட்டணம்னு ஏறி 9,800 ரூபாய் ஆயிடுச்சு. கடைசில வசூல் ஏஜென்ட் ஒருத்தர் எப்படியோ நம்பரைக் கண்டுபிடிச்சு, "3,500 கட்டுங்க, முடிச்சுடலாம்"னார். தம்பியும் 6,300 மிச்சம்னு சந்தோஷமா கட்டிட்டார். ரிப்போர்ட்ல அந்த கார்டுக்கு நேரா "செட்டில்டு"னு இருந்தது. கடன் நின்னு போனதுக்குக் காரணம் அந்த ஒரு வார்த்தைதான்.

ரிப்போர்ட்ல வங்கி எதைப் பார்க்குது?

நம்ம எல்லாரும் 300-லிருந்து 900 வரைக்கும் இருக்கிற ஸ்கோரை மட்டும்தான் பார்க்கிறோம். வங்கி அதிகாரி அதுக்குக் கீழே இருக்கிற இரண்டு விஷயத்தையும் பார்ப்பார்.

முதலாவது, டிபிடி. அதாவது கெடு தேதி தாண்டி எத்தனை நாள் ஆச்சுங்கிற கணக்கு. மாசத்துக்கு ஒரு கட்டம், 36 மாசம் வரைக்கும் இருக்கும். 000-ன்னா ஒழுங்கா கட்டியிருக்கீங்க. 030-ன்னா 30 நாள் தாமதம். 90 நாளைத் தாண்டினா அது வாராக்கடன். பாக்கி 590 ரூபாயா, 5 லட்சமாங்கிறதை இந்தக் கட்டம் காட்டாது. நாள் கணக்கை மட்டும்தான் காட்டும்.

இரண்டாவது, கணக்கோட நிலை. முழுசா கட்டி முடிச்சா "க்ளோஸ்டு". குறைச்சுக் கட்டி முடிச்சா "செட்டில்டு". வங்கி கைவிட்டுட்டா "ரிட்டன் ஆஃப்". "செட்டில்டு"ன்னா அடுத்த வங்கி அதை எப்படிப் படிக்கும் தெரியுமா? "இவர் வாங்கினதை முழுசா திருப்பித் தரலை."

எந்த பில் ஏறும், எது ஏறாது?

*கிரெடிட் கார்டு:* கண்டிப்பா ஏறும். ஆர்பிஐ-யோட 2022 விதிப்படி, கெடு தேதிக்கு அப்புறம் 3 நாளைத் தாண்டினாத்தான் தாமதம்னு பதிவு பண்ண முடியும். ஆனா தாண்டிட்டா, நாள் கணக்கு கெடு தேதியிலிருந்தே ஓடும். மினிமம் டியூ கட்டினா டிபிடி விழாது, மீதிக்கு வட்டி ஓடும். முழுசா கட்டுறதுதான் நல்லது.

*பை நவ் பே லேட்டர்:* 400 ரூபாய்க்கு சாப்பாடு ஆர்டர் பண்ணினாலும் அது கடன்தான். அந்த ஆப்புக்குப் பின்னாடி ஒரு வங்கியோ என்பிஎஃப்சியோ இருக்கும். அவங்க ரிப்போர்ட் பண்ணியே ஆகணும்.

*இஎம்ஐ:* வேலை மாறுறவங்க இங்கதான் மாட்டிக்கிறாங்க. புது கம்பெனி, புது சம்பள அக்கவுண்ட். பைக் இஎம்ஐ மட்டும் பழைய அக்கவுண்ட்லயே போகும். அங்க பேலன்ஸ் இல்லாம பவுன்ஸ் ஆகும். காசு இருந்தும் பேர் கெட்டுப் போகும்.

*போஸ்ட்பெய்ட் மொபைல்:* சிபில் ரிப்போர்ட்ல டெலிகாம் கணக்குக்குன்னு தனி வகையே இருக்கு. நம்பரை போர்ட் பண்றதுக்கு முன்னாடி கடைசி பில்லைக் கட்டிடுங்க.

*ஈபி பில், வீட்டு வாடகை, தண்ணி வரி:* பொதுவா இதெல்லாம் ரிப்போர்ட்டுக்கு வராது. ஈபி கட்டலைன்னா ஃப்யூஸைப் பிடுங்குவாங்க, சிபில்ல கை வைக்க மாட்டாங்க. ஆனா அதே ஈபி பில்லை கிரெடிட் கார்டுல கட்டிட்டு, கார்டு பில்லை விட்டுட்டா? அது ஏறும்.

இதனால எவ்வளவு நஷ்டம்?

கடன் கிடைக்காம போறது ஒரு பக்கம். கிடைச்சாலும் வட்டி கூடலாம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 30 லட்சம், 20 வருஷம். 8.5 சதவீதத்துக்கு இஎம்ஐ சுமார் 26,035 ரூபாய். 9.25 சதவீதத்துக்கு சுமார் 27,476 ரூபாய். மாசத்துக்கு 1,441 அதிகம். 20 வருஷத்துல கிட்டத்தட்ட 3.46 லட்சம்!

தம்பி என்ன பண்ணினார்?

1. கார்டு கொடுத்த வங்கிக்கே நேரா மெயில் போட்டார். ஏஜென்ட்கிட்ட பேசலை.
2. தள்ளுபடி பண்ணின 6,300 ரூபாயையும் வங்கிக் கணக்கிலேயே கட்டினார்.
3. "பாக்கி இல்லை"ன்னு சான்றிதழ் வாங்கினார்.
4. நிலையை "க்ளோஸ்டு"ன்னு மாத்தச் சொல்லி வங்கிக்கு எழுதிட்டு, சிபில் தளத்துலயும் டிஸ்ப்யூட் போட்டார்.

நிலை மாறிடுச்சு. ஆனா பழைய டிபிடி கட்டங்கள் அழியலை. அது நடந்த விஷயம், அழிக்கவும் முடியாது. "பணம் கொடுங்க, 7 நாள்ல சிபிலை க்ளீன் பண்ணித் தர்றோம்"னு வர்ற போன்களை நம்பாதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான். தப்பா ஏறின தகவலைத்தான் திருத்த முடியும். அதுக்குக் காசும் கிடையாது.

தம்பிக்கு அந்த ஃப்ளாட் கைவிட்டுப் போச்சு, அட்வான்ஸ்ல 50,000 பிடிச்சுக்கிட்டாங்க. ஏழு மாசம் கழிச்சு வேற வங்கில, வேற வீட்டுக்குக் கடன் கிடைச்சது. அப்பா இப்ப அங்கதான் இருக்கார்.

இந்த வாரம் நீங்க செய்ய வேண்டியது

- சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நாலுமே வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமா தரணும். எடுங்க. நீங்களே பார்த்தா ஸ்கோர் குறையாது.
- வங்கில உங்க மொபைல் நம்பர், மெயில் ஐடி சரியா இருக்கான்னு பாருங்க. தாமதம்னு ரிப்போர்ட் பண்றப்போ எஸ்எம்எஸ் அல்லது மெயில் அனுப்பணும்னு ஆர்பிஐ சொல்லியிருக்கு. பழைய நம்பருக்குப் போனா உங்களுக்கு எப்படித் தெரியும்?
- பயன்படுத்தாத கார்டை வெட்டிப் போட்டா மூடினதா ஆகாது. எழுதிக் கொடுத்து மூடுங்க. பாக்கி இல்லைன்னா 7 வேலை நாளுக்குள்ள மூடணும், தாமதமானா நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தரணும்.
- தப்பான தகவல் இருந்தா புகார் போடுங்க. 30 நாளுக்குள்ள தீர்க்கலைன்னா நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு. அதுக்கும் அசையலைன்னா ஆர்பிஐ ஒம்புட்ஸ்மன்கிட்ட போகலாம்.
- 2025 ஜனவரியிலிருந்து 15 நாளுக்கு ஒரு முறையாவது தகவல் அப்டேட் ஆகுது. அதனால தப்பும் சீக்கிரம் ஏறும், நீங்க ஒழுங்கா கட்டுறதும் சீக்கிரம் ஏறும்.

ரிப்போர்ட்டை எப்படி எடுக்கிறது, டிபிடி கட்டங்களை எப்படிப் படிக்கிறதுன்னு வீடியோல ஸ்க்ரீன்லயே காட்டியிருக்கேன். பார்த்துட்டு, உங்க ரிப்போர்ட்ல புரியாத வார்த்தை ஏதாவது இருந்தா கமென்ட்ல எழுதுங்க. பான் நம்பரை மட்டும் போட்டுடாதீங்க, ப்ளீஸ்!