பெண்மணிகளின் தேகாரோக்கியமும் குடும்பத்தின் சேமநிதியும்

சேமநிதியின் அவசியத்தைக் கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நல்ல காலத்தில் லாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்காத சங்கம், வெள்ளமோ வறட்சியோ வந்தவுடன் தத்தளிக்கும். மனித தேகத்திற்கும் இவ்விதி பொருந்தும். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து முதலியவற்றைத் தேகம் சேமித்து வைக்கின்றது. வரவு குறைந்து செலவு மிகுந்தால் அச்சேமிப்புக் கரைந்து போகின்றது. நமது கிராமங்களில் இவ்வாறு கரைந்த சேமிப்போடு உழைப்பவர்களில் மிகுதியானோர் பெண்மணிகளே.

இரத்தக் குறைவு

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. மாதவிடாயினாலும், கர்ப்பத்தினாலும், பிரசவத்தினாலும் பெண்ணின் தேகத்தில் இரும்புச் சத்து செலவாகின்றது. ஆகையால் ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டுமெனவும், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் வேண்டுமெனவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்தது. செலவு மிகுதியாக உள்ளவளுக்கு வரவும் மிகுதியாக இருத்தல் முறை. நம் வீடுகளிலோ யாவரும் உண்ட பின், எஞ்சிய சோற்றையும் குழம்பின் அடியையும் உண்பவள் அவளே. கறியும் கீரையும் அதற்குள் தீர்ந்து போயிருக்கும்.

சிறிது நடந்தாலும் மூச்சு வாங்குதல், படபடப்பு, தலைச்சுற்றல், நாக்கும் கண்ணிமையின் உட்புறமும் வெளுத்திருத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றைச் சோம்பல் என்று எண்ணிப் பழிப்பது அறியாமை.

வேலை செய்பவளுக்குத் தேகாப்பியாசம் எதற்கு?

இக்கேள்வி நியாயமானதே. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் தாலுகாக்களில் சம்பா நடவின்போது பெண்கள் காலை முதல் சேற்றில் குனிந்தபடியே நிற்கின்றனர். பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக் கொட்டை உடைப்போர் மணிக்கணக்கில் ஒரே இருப்பில் அமர்ந்திருக்கின்றனர். வேலை குறைவு என்பதல்ல இவர்கள் குறை. ஒரே அங்கம் ஓயாது உழைக்க, மற்றவை இறுகிப் போவதே குறை. ஆகவே மேலும் களைப்பூட்டும் பயிற்சி இவர்களுக்கு வேண்டா. வேலையில் மடங்கியதை நிமிர்த்தும் மெல்லிய பயிற்சியே வேண்டும்.

1. நேராக நின்று, இரு கைகளையும் இடுப்பின் பின்புறம் ஊன்றி, மெதுவாகப் பின்னோக்கி வளைந்து நிமிர்க. ஐந்து முறை போதும். நடவின் நடுவே வரப்பில் நின்றும் இதைச் செய்யலாம்.

2. தோள்களை முன்னும் பின்னும் பத்து முறை சுழற்றுக.

3. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தித் தாழ்த்துக. கெண்டைக்கால் வலுப்பெறும்.

4. உட்கார்ந்து வேலை செய்வோர் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சில அடிகள் நடக்க.

5. வாரத்தில் ஐந்து நாட்கள், அரைமணி நேரம் சற்று விரைவாக நடக்க. வயது வந்தோருக்கு வாரத்தில் 150 நிமிஷமேனும் இத்தகைய உழைப்பு வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. இதை ஏரிக்கரையிலோ ரத வீதியிலோ அண்டை வீட்டாரோடு சேர்ந்து செய்தல் உத்தமம்.

பெண்கள் தேகத்தைப் பயிற்றுதல் நம் நாட்டு வழக்கமன்று என்போர், சிதம்பரம் கோயிற் கோபுரங்களிலுள்ள 108 கரணச் சிற்பங்களைக் காண்க. அவற்றில் ஆடுவோர் பெண்களே. கும்மியும் கோலாட்டமும் கை, கால், இடுப்பு யாவற்றையும் இயக்கும் நற்பயிற்சிகளாம்.

மேற்கூறிய சோகைக் குறிகள் உள்ளவர்கள் முதலில் இரத்தத்தைப் பரீட்சித்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்டே பயிற்சி செய்தல் வேண்டும்.

ஆகாரம்

1931இல் லூசி வில்ஸ் என்னும் வைத்தியப் பெண்மணி, பம்பாயில் ஆலைத் தொழில் செய்த ஏழைக் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்து, ஈஸ்டிலிருந்து எடுத்த எளிய உணவுச் சத்தினால் அது குணமாவதைக் கண்டு வெளியிட்டார். அதிலிருந்த சத்தே பின்னர் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இலை எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நம் கொல்லையிலுள்ள கீரைகளில் அச்சத்து உண்டு. நெடுநேரம் வேகவைத்தால் அழியும்.

அரிசி 100 கிராமில் இரும்புச் சத்து ஏறத்தாழ 1 மில்லிகிராமே. கம்பில் 6 மில்லிகிராமுக்குக் குறையாது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராம் அளவில் உண்டு. அரிசியில் 10 மில்லிகிராம் இருப்பதே அரிது. ஆகவே ஒருவேளையேனும் கம்பங்களியோ கேழ்வரகுக் கூழோ உண்பது நலம். தீட்டிய பச்சரிசியினும் புழுங்கலரிசி மேலானது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி-1 வைட்டமின் அரிசிக்குள் இறங்குகின்றது. வடித்த கஞ்சியைக் கொட்டிவிடலாகாது.

தினந்தோறும் ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையோ சிறுகீரையோ, உளுந்து அல்லது பயறு, ஒரு பிடி மல்லாட்டை, மீன் உண்போர்க்கு முள்ளோடு தின்னும் சிறுமீன் ஆகியவை போதும். கீரையிலுள்ள இரும்புச் சத்து முழுவதும் தேகத்தில் சேர்வதில்லை. உடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் மிகுதியாகச் சேரும். தேநீர் அதைத் தடுக்கும். ஆதலால் உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி இடைவெளி விடுக.

சோகை முற்றியவர்களுக்கு உணவு மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரைகளை, கர்ப்பிணிகள் 180 நாட்களேனும் தவறாது உட்கொள்ள வேண்டும். மலம் கறுப்பது கண்டு அஞ்ச வேண்டா. அது மாத்திரையின் இயல்பு.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை

கூலிக்குச் செல்லும் வீடுகளுக்கு மேற்கூறியவற்றுட் சில எட்டாதிருக்கலாம். ஆயின் நிலமும் மாடும் உள்ள வீடுகளிலும் அதே குறை காணப்படுவதேன்? நெல் அறுத்த தரிசில் விளைந்த உளுந்தும், மேட்டுநிலத்து மல்லாட்டையும் முழுவதும் விற்பனைக்குப் போகின்றன. கறந்த பால் கடைசிச் சொட்டு வரை சங்கத்திற்கு ஊற்றப்படுகின்றது. வரவு முழுவதையும் விற்றுவிட்டுச் சேமநிதியைக் கரைப்பது நல்ல கணக்காகாது.

ஆகையால், மூட்டை கட்டுமுன் வீட்டுக்கு வேண்டிய உளுந்தையும் மல்லாட்டையையும் ஒதுக்கி வைக்க. நாளொன்றுக்கு ஓர் ஆழாக்குப் பாலேனும் வீட்டுப் பெண்களுக்கு நிறுத்திக்கொள்க. சங்கத்தின் பண்டகசாலையில் கம்பும் கேழ்வரகும் விற்பனைக்கு வைக்க. ஆண்டுக்கு ஒருமுறை கிராம சுகாதார செவிலியரை அழைத்து, அங்கத்தினர் வீட்டுப் பெண்கள் அனைவரின் இரத்தத்தையும் பரீட்சிக்கச் செய்க. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது சோகையாகும்.

இவற்றிற்கெல்லாம் முன்னே, செலவின்றிச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இராச் சாப்பாட்டில் வீட்டுப் பெண்மணிக்கும் அதே வேளையில் இலை போட்டு, கீரையையும் பருப்பையும் சமமாகப் பரிமாறுக. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைப் பேசி முடிவு செய்யும் அங்கத்தினர்கள், அன்றிரவே தத்தம் வீட்டில் இதைத் தொடங்கலாம்.