வகுப்புக்குப் போ, வக்காலத்தை விடாதே

பாளையங்கோட்டை

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். சட்டக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது, மாதம் பிறந்தால் சம்பளம், வாய்தா வாய்தாவென்று அலைய வேண்டாம், சேர்ந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அப்பா சேரச் சொல்கிறான், சீனியர் வேண்டாம் என்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடம் நடத்தக் கட்டாயம் போ. ஆனால் நான்கு வருஷத் தொழிலை நிறுத்திவிட்டுப் போகாதே. பகுதி நேர ஆசிரியையாகப் போ.

வக்கீல் எவரும் முழுநேரச் சம்பளக்காரராக இருக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 49. அப்படி ஒரு வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு, அந்த வேலையில் இருக்கும் வரை தொழிலை நிறுத்த வேண்டும். சட்டம் கற்பிப்பதற்கு மட்டும் 1979-இல் தனி விதிகள் வந்தன. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்படாமல் பாடம் நடத்தினால், அது பகுதி நேர வேலையாகவே கருதப்படும். நீ தொடர்ந்து கோர்ட்டில் நிற்கலாம்.

முழுநேர உதவிப் பேராசிரியர் பதவி அப்படியல்ல. யுஜிசியின் 2018 ஒழுங்குமுறைப்படி வாரத்துக்கு 40 மணி நேர வேலை, அதில் 16 மணி நேரம் நேரடி வகுப்பு, நாளுக்குக் குறைந்தது 5 மணி நேரம் கல்லூரியில் இருக்க வேண்டும். இதை ஏற்றுக்கொண்டு கோர்ட்டுக்கும் போவதென்றால் இரண்டு இடத்திலும் பொய் சொல்ல வேண்டிவரும். பதிவேட்டில் முழுநேரம் என்று எழுதிக்கொள்கிறோம், நீங்கள் உங்கள் கேஸ்களையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சில கல்லூரிகளில் சொல்வார்கள். ஆய்வுக்கு ஆள் வரும்போது காட்டப் பெயர் வேண்டும், அதற்காக. அந்த ஏற்பாட்டுக்கு ஒருநாளும் தலையாட்டாதே. தொழில் ஒழுக்கம் என்ற பாடத்தை நீயே நடத்த நேரிடும். அன்று பிள்ளைகளை நேருக்கு நேர் பார்க்க முடிய வேண்டும் அல்லவா?

விதிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வகுப்புக்கு நீ எதைக் கொண்டுபோகப் போகிறாய் என்று யோசி. வரைவுப் பாடத்தையே எடுத்துக்கொள். 2008 சட்டக் கல்வி விதிகளில் அது கட்டாயச் செய்முறைத் தாள். வழக்குரை, எதிருரை, மனு என்று 15 பயிற்சி. கிரையம், அடமானம் என்று பத்திரங்களில் 15 பயிற்சி. கடைசியில் வாய்மொழித் தேர்வு. எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் பல இடங்களில் மாதிரிப் படிவத்தைப் பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு அது முடிந்துபோகிறது. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்டில் பிரிவு 34, 38 இரண்டையும் மாணவன் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர் வந்து, பக்கத்து வயல்காரன் வரப்பை வெட்டிக்கொண்டு வருகிறான், கேட்டால் நிலமே தன்னுடையது என்று பத்திரத்தைக் காட்டுகிறான் என்று சொன்னால், அவன் என்ன எழுதுவான்? வெறும் உறுத்துக்கட்டளை கேட்டால் போதுமா, உரிமை விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டுமா? அனதுலா சுதாகர் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது இதைத்தான். உரிமைமீது ஐயம் விழுந்துவிட்டால் விளம்புகை கேட்க வேண்டும். சுவாதீனமும் கைவிட்டுப் போயிருந்தால் அதையும் மீட்டுத் தரக் கேட்க வேண்டும். பிறகு மதிப்பீடு வருகிறது. தமிழ்நாடு கோர்ட் கட்டணச் சட்டத்தில் விளம்புகைக்கு 25-ஆம் பிரிவு, வெறும் உறுத்துக்கட்டளைக்கு 27-ஆம் பிரிவு. எந்தக் கோர்ட்டில் தாக்கல் செய்வது என்பதே அதைப் பொறுத்தது. நான்கெல்லையில் கிழக்கும் மேற்கும் மாறியிருந்தாலோ, வழக்கு மூலத்தில் தேதி விட்டுப்போயிருந்தாலோ கட்டு ரிட்டர்ன் ஆகும். இவ்வளவையும் உனக்கு எந்தப் புத்தகம் சொல்லித் தந்தது? சீனியரின் ஆபீஸும் குமாஸ்தாவும் ரிட்டர்ன் ஆன கட்டுகளும்தானே. இன்னும் சில வருஷம் இதில் ஊறினால்தான் உன்னிடமிருந்து பிள்ளைகளுக்கு ஏதாவது கிடைக்கும். ஒன்றை மட்டும் காத்துக்கொள்: கட்சிக்காரர் நம்பிச் சொன்னது வகுப்புக்கு வரக் கூடாது. பெயரையும் ஊரையும் மாற்றினாலும் ஆள் அடையாளம் தெரியும் என்றால் அந்தக் கதையை விட்டுவிடு.

கல்லூரியிலிருந்து கோர்ட்டுக்கும் வரவு உண்டு. நான் காலை வகுப்பில் சாட்சியச் சட்டம் நடத்திய வருஷங்களில், போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்றால் அதைச் சொல்லி எடுத்த அரிவாள் மட்டும் எப்படிச் செல்லும் என்று ஒரு பையன் கேட்டான். பிரிவு எண்ணைச் சொல்லி அவனை உட்காரவைக்க முடியவில்லை. அன்று இரவு முழுத் தீர்ப்புகளாக எடுத்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் மீட்பு மகஜர் சாட்சியை எங்கே பிடித்துக் குறுக்கு விசாரணை செய்வது என்று எனக்குத் துலங்கியது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25, 26, 27 மூன்றும் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23-ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டன. பழைய எண்ணுக்குப் புது எண் என்று அட்டவணை போட்டுக் கொடுப்பது யாருக்கும் முடியும். மாற்றம் விசாரணை மன்றத்தில் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல, அங்கே நிற்பவர்தான் வேண்டும்.

நீ அம்பேத்கரை அரசியல் சட்டத்தோடு சேர்த்துத்தான் படித்திருப்பாய். அவருடைய வக்கீல் வாழ்க்கையையும் தேடிப் படி. 1923-இல் பம்பாயில் தொழில் தொடங்கினார். தீண்டாமையால் சொலிசிட்டர்கள் அவரிடம் வழக்குக் கொடுக்கத் தயங்கினார்கள். வருமானம் போதாமல் 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதி நேரமாக வணிகச் சட்டம் நடத்தினார். 1928-இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பேராசிரியர். 1934-இல் பாலியல் கல்விக்காக நடத்தப்பட்ட ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ இதழின் ஆசிரியர் ர. தோ. கார்வேக்காக ஆபாச வழக்கில் வாதாடித் தோற்றார். அடுத்த ஆண்டு அதே சட்டக் கல்லூரிக்கு முதல்வரானார். 1938 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். மகாத் சவுதார் குளத்தில் தீண்டப்படாதவர்கள் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் 1927-இல் போட்ட வழக்கில் அவரே பிரதிவாதி. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம், விலக்கிவைக்கும் அந்த வழக்கம் நினைவுக்கெட்டாத காலம் தொட்டு இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று தீண்டப்படாதவர்கள் பக்கம் தீர்த்தது. வழக்காறு எப்போது சட்டமாகும் என்பது நீதிநெறியியலின் பால பாடம். அதைக் கற்பிக்கும் கல்லூரியின் முதல்வர், அதே கேள்விக்குத் தம் மக்களின் குடிநீரை வைத்துப் பத்து வருஷம் பதில் தேடியிருக்கிறார். வகுப்பையும் வழக்கையும் அவரைப் போல ஒன்றாகச் சுமந்தவர் இந்த நாட்டில் வேறு யாரும் எனக்குத் தெரியாது.

உன் எதிர்காலக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. வக்கீல்களிலிருந்து நேரடியாக மாவட்ட நீதிபதியாக அரசியல் சட்டம் 233(2)-இன்படி ஏழு வருஷத் தொழில் வேண்டும். அது விண்ணப்பிக்கும்போது தொடர்ச்சியாக நடப்பில் இருக்க வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நான்காம் வருஷத்தில் நிறுத்தினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். கல்லூரி வாய்ப்போ மூடிப்போவதில்லை. எல்எல்எம்மில் 55 விழுக்காடு வாங்கியிருக்கிறாய். நெட் தேறி வைத்துக்கொள், எப்போதும் பயன்படும். 15 வருஷத் தொழில் அனுபவம் உள்ளவர்களைப் ‘பிராக்டிஸ் பேராசிரியர்’ என்று சில ஆண்டுகளுக்கு அமர்த்திக்கொள்ள 2022 முதல் யுஜிசியே வழிசெய்திருக்கிறது.

பணத் தட்டுப்பாடு எனக்குப் புரிகிறது. ஜூனியருக்குச் சீனியர் கொடுப்பது பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகப் போகும். பெண் பிள்ளைக்குக் கோர்ட்டில் சலிப்பு இன்னும் அதிகம். அந்தப் பாரத்தில் ஒரு பங்கைப் பெரியப்பா ஏற்றுக்கொள்கிறேன், அதைப் பற்றி அப்பாவிடம் நானே பேசுகிறேன். நீ கல்லூரி முதல்வரைப் பார்த்து, வரைவும் சாட்சியச் சட்டமும் காலை வகுப்பாகத் தரக் கேள். நியமனக் கடிதத்தில் பகுதி நேரம் என்றும், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்றும் எழுதி வாங்கு. வாங்கியதும் எனக்கு ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா