பதினாறு ஆசிலேட்டரும் ஒரு டிகிரியும்

மூணாவது வருஷ மினி புராஜெக்டுக்கு நாங்க மூணு பேரு சேர்ந்து ஒரு ஆசிலேட்டர் செஞ்சோம். வோல்டேஜ் கொடுத்தா சுருதி மாறணும், 1 வோல்ட் கூட்டினா சரியா ஒரு ஸ்தாயி மேல போகணும். அவ்வளவுதான் லட்சியம். காலையில ஏ.சி. லேப்ல, 24 டிகிரியில, 440 ஹெர்ட்ஸுக்குத் திருகி நிறுத்தியாச்சு. மதியம் ரிவ்யூ வேற ரூம்ல. ஏப்ரல் மாசம், தலைக்கு மேல ஒரே ஒரு ஃபேன், 35 டிகிரி. கவுன்டர்ல வந்த நம்பர் 429. ஆர்மோனியத்துல பக்கத்துக் கட்டைக்குப் போற வழியில கிட்டத்தட்ட பாதி தூரம் இறங்கிருச்சு. ரிவ்யூ பண்ண வந்தவர் ரெண்டு நிமிஷம் பார்த்துட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, நீங்க செஞ்சது ஆசிலேட்டரா, தெர்மாமீட்டரா?"

மார்க் என்னாச்சுன்னு கேக்காதீங்க.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்தான் ஒரு பழைய ஜப்பான் இயந்திரத்துகிட்ட வந்து சேர்ந்தேன். ரோலண்ட் கம்பெனியோட ஜூப்பிட்டர்-8. 1981-இல் வந்தது. 61 கட்டைகள். ஒரே நேரத்துல 8 சுரம் வாசிக்கலாம், ஒவ்வொரு சுரத்துக்கும் 2 ஆசிலேட்டர். ஆக, பெட்டிக்குள்ள 16 ஆசிலேட்டர். எங்களுக்கு ஒண்ணை அடக்கவே முடியலை, அவங்க பதினாறை ஒரே பெட்டியில போட்டு விற்றிருக்காங்க. அமெரிக்காவில் அன்னைக்கே விலை 5,000 டாலருக்கு மேல. மொத்தமா செஞ்சது சுமார் 3,300 தான்னு சொல்வாங்க. இன்னைக்கு அது சேகரிப்பாளர்களோட பொக்கிஷம்.

இதை நீங்க கேட்டிருக்க வாய்ப்பு குறைவு. அதனால மேல படிக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. சரண்ஜித் சிங் என்ற பெயரைத் தேடி, 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற ஆல்பத்தைப் போடுங்க. அவர் பம்பாய் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்த ஸ்டூடியோ கலைஞர். 1982-இல் ஜூப்பிட்டர்-8, டி.ஆர்-808 தாள இயந்திரம், டி.பி-303 பேஸ் இயந்திரம், மூன்றையும் வைத்துக்கொண்டு பத்து இந்துஸ்தானி ராகங்களைப் பதிவு செய்தார். அதில் பூபாலி நம்ம மோகனம், மால்கௌன்ஸ் நம்ம ஹிந்தோளம், யமன் நம்ம கல்யாணி. அதனால கேட்கும்போது வேற்றூர்ல சொந்தக்காரங்களைப் பார்த்த மாதிரி இருக்கும். ரெக்கார்டு அப்போ விற்கலை. கிட்டத்தட்ட மறந்தே போனார்கள். 2010-இல் மறுபடி வெளியானபோதுதான் வெளிநாட்டு ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். 1987-இல் சிகாகோவில் பிறந்த ஆசிட் ஹவுஸ் இசையோட ஓசை, அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே பம்பாயில் கேட்டிருக்கு! அவர் 2015-இல் காலமானார். கடைசி வருஷங்களில் மேடையேறி அதே ராகங்களை வாசிக்க வாய்ப்புக் கிடைத்தது என்பது ஒரு ஆறுதல்.

கேட்டாச்சா? அந்த ஓசையில் ஒரு உயிர்ப்பு இருக்கு. ஒரே சுரத்தை நீட்டிப் பிடிச்சாலும் உள்ளே ஏதோ மெதுவா அசைஞ்சுகிட்டே இருக்கும். அந்த அசைவு எங்கிருந்து வருதுன்னு பார்க்கலாம்.

எங்க வீடு சோமனூர் பக்கம். விசைத்தறிச் சத்தத்துலதான் தூங்கி வளர்ந்தேன். பக்கத்துல பக்கத்துல ரெண்டு தறி, ஒரே மாதிரி மோட்டார், ஒரே அளவு புல்லி. ஆனா வேகம் மயிரிழை வித்தியாசம். ரெண்டோட தட்டும் கொஞ்ச நேரம் ஒண்ணா விழும், அப்புறம் மெதுவா விலகும், ஒண்ணு விட்டு ஒண்ணு விழும், மறுபடி ஒண்ணாகும். அந்த ஒண்ணாகுற நேரத்துக்காகக் காத்திருந்தே தூங்கிப் போயிருவேன். இப்போ தறிக்குப் பதிலா 440 ஹெர்ட்ஸ், 441 ஹெர்ட்ஸ்னு ரெண்டு ஆசிலேட்டரை வைங்க. வினாடிக்கு ஒரு தடவை ஓசை வீங்கி வடியும். நம்ம பாடத்துல வர்ற விம்மல் இதுதான். தம்புராவில் நடு ரெண்டு தந்திக்கும் ஒரே ஸட்ஜம்தான், ஆனா அணுவளவு விலகல் எப்பவும் இருக்கும். அந்த ரீங்காரத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, அந்த விலகல் எவ்வளவு? இங்கேதான் எங்க தெர்மாமீட்டர் உள்ளே வருது.

1 வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்றால், வோல்டேஜ் நேர்கோட்டில் ஏறும்போது ஃப்ரீக்வென்சி ரெண்டு மடங்கு, நாலு மடங்கு, எட்டு மடங்குன்னு ஏறணும். அந்த எக்ஸ்போனென்ஷியல் வேலையை ஒரு டிரான்சிஸ்டர் சும்மா செய்து கொடுக்கும். பேஸ்-எமிட்டர் வோல்டேஜுக்கும் கலெக்டர் கரன்ட்டுக்கும் உள்ள உறவே அதுதானே. ஆனா அந்த அடுக்குக்குள்ள 'கே.டி பை க்யூ' உட்கார்ந்திருக்கு. டி என்பது கெல்வின். 300 கெல்வினில் ஒரு டிகிரி என்பது முந்நூறில் ஒரு பங்கு, அதாவது 0.33 சதவீதம். ஒரு ஸ்தாயிக்கு 1,200 சென்ட். அதில் 0.33 சதவீதம் 4 சென்ட். ரெஃபரன்ஸ் சுருதியை 220-இல் வைத்தால், ஒரு ஸ்தாயி மேலே இருக்கிற 440-இல் 4 சென்ட் என்பது ஏறக்குறைய 1 ஹெர்ட்ஸ்.

ஒரு டிகிரிக்கு 1 ஹெர்ட்ஸ். 24-இலிருந்து 35 வரைக்கும் 11 டிகிரி. 440-இல் 11 போனால் 429. ரிவ்யூ அன்னைக்கு இந்தக் கணக்கு தெரிஞ்சிருந்தா, "ஆமாங்க சார், நல்ல தெர்மாமீட்டர்தானுங்க"ன்னு கெத்தா சொல்லியிருப்பேன்.

டிரான்சிஸ்டரோட இன்னொரு வெப்பப் பிழை, சாச்சுரேஷன் கரன்ட். அது இன்னும் மோசமானது. ஆனா ஒத்த ஜோடி டிரான்சிஸ்டரை ஒட்டி வைத்தால் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். நாங்க காந்திபுரத்துல வாங்கின பி.சி.547-களை மல்டிமீட்டரில் பொறுக்கி, முகத்தோட முகம் ஒட்டி, அதைச் செஞ்சிருந்தோம். செய்யாம விட்டது மிச்சம் இருந்த 0.33 சதவீதம். அதுக்கு டிகிரிக்கு அதே அளவு ஏறுகிற ஒரு விசேஷ ரெசிஸ்டர் உண்டு. உள்ளூர்ல தேடிச் சலிச்சுட்டோம்.

ஜூப்பிட்டர்-8 இந்தச் சண்டையில் இன்னொரு ஆளையும் இறக்கியது. உள்ளே ஒரு இசட்-80 மைக்ரோபிராசசர் (நம்ம சிலபஸ் 8085-க்கு அது பங்காளி). ஒரு பொத்தானை அமுக்கினால் அது பதினாறு ஆசிலேட்டரையும் தானாகவே டியூன் பண்ணிவிடும். சுருதியைக் கணக்குப் பண்ணுவது டிஜிட்டல், ஓசையை உண்டாக்குவது முழுக்க அனலாக். அதனால இதை 'சுத்த அனலாக்'னு கொண்டாடுறவங்க சொல்றது பாதி உண்மைதான். அந்த பிராசசர் இல்லாம பதினாறையும் மேடையில கையால திருகிக்கிட்டு இருந்தா, கச்சேரி முடிஞ்சு ஆளுங்க வீட்டுக்குப் போயிருப்பாங்க.

ஆனா டியூன் பண்ணினாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். முதல் தொகுதி இயந்திரங்களில் 12 பிட் டி.ஏ.சி. இருந்தது, பிறகு 14 பிட்டாக மாற்றினார்கள். ஒரு கணக்குக்கு 10 வோல்ட் வரம்புன்னு வெச்சுக்குங்க: 12 பிட்டில் ஒரு படி 2.44 மில்லிவோல்ட், கிட்டத்தட்ட 3 சென்ட். 14 பிட்டில் 1 சென்ட்டுக்கும் கீழே. அதுக்கப்புறம் பெட்டி சூடாகும், ஃபேன் காத்து ஒரு பக்கம் படும், ஒவ்வொரு போர்டும் தன் போக்குக்குக் கொஞ்சம் நகரும். விலகல் காதுக்கு அபசுரமா விழாது. விம்மலா மட்டும் கேட்கும். அந்த விம்மலும் கடிகாரம் மாதிரி வராது. வேகம் கூடிக் குறையும்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ராகம் வாசிக்க ஒரு நேரத்தில் ஒரு சுரம் போதுமே, எட்டு எதுக்கு? எட்டு சுரம்னா எட்டு தனித்தனி சர்க்யூட். ஒவ்வொன்றுக்கும் தன் ஃபில்டர், தன் ஆம்ப்ளிஃபயர். ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அமுக்கினாலும் இயந்திரம் அடுத்தடுத்த சர்க்யூட்டுக்கு வேலையைக் கொடுத்துக்கொண்டே போகும். கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் எட்டிலும் அச்சாக ஒன்றாக இருக்க முடியாது. அதனால ஒரு 'ஸ' மாதிரி அடுத்த 'ஸ' இருக்காது. முந்தைய சுரம் தேய்ந்து முடியும் முன்பே அடுத்தது வேறொரு சர்க்யூட்டில் தொடங்கிவிடும். ரெண்டு நாதஸ்வரம் சேர்ந்து வாசிக்கும்போது ஒன்று மூச்சு வாங்க, மற்றது பிடித்துக்கொள்ளுமே, அதாட்டம்.

இப்போ இதெல்லாம் லேப்டாப்பில் கிடைக்குது. ஜூப்பிட்டர்-8 பெயரிலேயே மென்பொருள் இருக்கு, நல்லாவும் இருக்கு. அதில் வேடிக்கை என்னன்னா, 1981-இன் பொறியாளர்கள் எதை ஒழிக்கப் பாடுபட்டார்களோ அதை இன்றைய புரோகிராமர்கள் ராண்டம் நம்பர் போட்டு உட்கார்ந்து சேர்க்கிறார்கள். கண்ணை மூடிக்கிட்டு கேட்டா பலருக்கும் வித்தியாசம் தெரியாதுன்னுதான் நினைக்கிறேன். எனக்கும் சந்தேகம்தான்.

நீங்களே பார்த்துக்குங்க. பைத்தானில் 440 ஹெர்ட்ஸுக்கு ஒரு சாடூத் அலை, 441-க்கு ஒன்று, ரெண்டையும் கூட்டி 20 வினாடி ஓட விடுங்க. விம்மல் கேட்கும், ஆனா அஞ்சாவது விம்மலுக்குள்ள சலிப்புத் தட்டும். இப்போ 441-ஐ ஒரே இடத்தில் நிறுத்தாம, 440.3-க்கும் 441.2-க்கும் நடுவில் ரொம்ப மெதுவா, ஒழுங்கில்லாம அலைய விடுங்க. அதையே ரெண்டு ரெண்டா எட்டு ஜோடி செஞ்சு, ஹிந்தோளத்தின் ஸ, க, ம, த, நி-க்கு ஒவ்வொரு ஜோடியா மாற்றி மாற்றிக் கொடுங்க.

ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க. ஹாஸ்டல் புளூடூத் ஸ்பீக்கரில் இது ஒண்ணும் கேட்காது. எங்க பழைய போர்டு இன்னும் அலமாரியில கிடக்கு. அடுத்த ஏப்ரல்ல அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு, ஒண்ணை ஏ.சி. லேப்ல, ஒண்ணை மாடி வெயில்ல வெச்சு, ரெண்டையும் ஒரே மிக்சர்ல சேர்க்கறதா இருக்கோம். வர்றதா இருந்தா சொல்லுங்க, நீளமான வயர் எடுத்துட்டு வாங்க.