மின் கிதாரும் பிக்கப்பும்: ஒலிப்பண்பின் இயற்பியல்

ஒரே சுரத்தை வீணையில் மீட்டினாலும் குழலில் ஊதினாலும், கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர் இரண்டையும் எளிதில் பிரித்தறிந்துவிடுவார். சுருதி ஒன்றே, செறிவும் ஒன்றாகவே இருக்கலாம், வேறுபடுவது ஒலிப்பண்பு. அடிப்படைச் சுரத்தோடு எந்தெந்த மேற்சுரங்கள் எந்த அளவில் கலந்துள்ளன என்பதே ஒலிப்பண்பைத் தீர்மானிக்கிறது என்று ஒலியியலில் படிக்கிறோம். மின் கிதாரில் கம்பியையும் மாற்றாமல், மீட்டும் முறையையும் மாற்றாமல், ஒரு சிறு சுவிட்சைத் தள்ளுவதன் மூலமே இக்கலவையை மாற்றிவிட முடிகிறது. அது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சோனாமீட்டரின் மறுபக்கம்

மரக் கிதாரில் கம்பியின் அதிர்வு குதிரையின் வழியாக மெல்லிய மேற்பலகைக்குச் சென்று, கூட்டினுள் உள்ள காற்றை அதிரச் செய்கிறது. மின் கிதாரின் உடலோ பெரும்பாலும் கெட்டிப் பலகை. பெருக்கியோடு இணைக்காமல் மீட்டினால் அடுத்த அறைக்குக்கூடச் சரியாகக் கேட்காது. கம்பிகளுக்கு அடியில் பதிக்கப்பட்டுள்ள 'பிக்கப்' என்னும் சிறு உறுப்பே அதன் செவியாகும்.

பிக்கப்பின் அமைப்பு எளியது: ஒரு நிலைக்காந்தம், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பிச் சுருள், அவ்வளவே. எஃகுக் கம்பி காந்தத்தின் அருகில் இருப்பதால் தானும் காந்தத் தன்மை பெறுகிறது. அது அதிரும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. 1831இல் பாரடே கண்டறிந்த விதிப்படி, சுருளில் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. பெருக்கி அதனைப் பெரிதாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

சோனாமீட்டரைக் கொண்டு மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண் காணும் செய்முறையை நம்மில் பலர் செய்திருப்போம். அங்கே மின்காந்தத்தில் பாயும் மின்னோட்டம் எஃகுக் கம்பியை அதிரச் செய்கிறது. இங்கே அதிரும் எஃகுக் கம்பி சுருளில் மின்னோட்டத்தைப் பிறப்பிக்கிறது. ஒன்று மற்றதன் மறுபக்கம் எனலாம். நைலான் கம்பியின் அதிர்வைக் காந்தப் பிக்கப் உணராமல் போவதற்கும் காரணம் இதுவே.

தோற்றம்

அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்பவர் 1931இல் இவ்வகைப் பிக்கப்பை உருவாக்கினார். அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து அவர் செய்த, மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய்க் கிதார் 1932இல் விற்பனைக்கு வந்தது. வட்ட உடலும் நீண்ட கழுத்தும் கொண்டிருந்ததால் 'வாணலி' என்ற பட்டப்பெயர் பெற்ற அக்கருவிக்கு 1937இல் காப்புரிமை கிடைத்தது. அன்று வேண்டியிருந்தது செறிவு மட்டுமே. பெரிய இசைக் குழுக்களில் எக்காளங்களுக்கும் முரசுகளுக்கும் இடையே கிதாரின் ஒலி எடுபடவில்லை. 1936இல் வெளிவந்த கிப்சன் இ.எஸ். 150 கிதாரைக் கொண்டு சார்லி கிறிஸ்டியன் ஜாஸ் இசையில் கிதாருக்குத் தனி இடம் தேடித் தந்தார். நம் நாட்டில் மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969–2014) கர்நாடக இசை மேடைக்குக் கொண்டுவந்த மின் மாண்டலினும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

1954இல் லியோ ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிதார் வெளிவந்தது. அதில் ஏறத்தாழ ஒரே மாதிரியான மூன்று பிக்கப்புகள் இருந்தன. ஒரே மாதிரியானவை எதற்காக மூன்று? இக்கேள்விக்கான விடையில்தான் பாதி இயற்பியல் அடங்கியிருக்கிறது.

முதற் காரணி: இடம்

இரு முனைகளிலும் கட்டப்பட்ட கம்பியில் நிலை அலைகள் உண்டாகின்றன. அடிப்படை அதிர்வை முதற் சீரிசை என்றும், அதைப்போல் இருமடங்கு அதிர்வெண் உடையதை இரண்டாம் சீரிசை என்றும் கூறுவோம். ஒவ்வொரு சீரிசைக்கும் கணுக்களும் எதிர்க்கணுக்களும் தனித்தனி இடங்களில் அமைகின்றன. பிக்கப் தனக்கு நேர் மேலே உள்ள கம்பிப் பகுதியின் அசைவை மட்டுமே அறியும். எனவே, அது ஒரு சீரிசையின் கணுவில் நின்றால் அச்சீரிசை அதற்குக் கேட்காது.

ஸ்ட்ராடோகாஸ்டரில் கம்பியின் நீளம் சுமார் 648 மி.மீ. கழுத்தருகே உள்ள பிக்கப் குதிரையிலிருந்து ஏறத்தாழ 162 மி.மீ. தொலைவில், அதாவது நான்கில் ஒரு பங்கில் உள்ளது. குதிரையருகே உள்ள பிக்கப்போ ஏறத்தாழ 40 மி.மீ. தொலைவில் இருக்கிறது. இத்தொலைவைக் கம்பியின் நீளத்தால் வகுத்து, 180 பாகையாலும் சீரிசையின் எண்ணாலும் பெருக்கி, அக்கோணத்தின் சைன் மதிப்பைக் கண்டால் அச்சீரிசை எவ்வளவு கேட்கும் என்பது தெரியும்.

கழுத்துப் பிக்கப்பில் முதற் சீரிசைக்கு 0.71, இரண்டாவதற்கு 1, நான்காவதற்கு 0 கிடைக்கின்றன. குதிரைப் பிக்கப்பில் முதற் சீரிசைக்கு 0.19 மட்டுமே; ஆனால் நான்காவதற்கு 0.70, எட்டாவதற்கு ஏறத்தாழ 1. கழுத்தருகே அடிப்படைச் சுரம் ஓங்கி, ஒலி குளிர்ந்து திரண்டு வருகிறது. குதிரையருகே அடிப்படை மெலிந்து மேற்சுரங்கள் முந்துவதால் ஒலி கூர்மையாகவும் கணீரென்றும் வருகிறது. கம்பி ஒன்றே, கேட்கும் இடம்தான் வேறு.

இக்கணக்கு விரல் வைக்காத கம்பிக்கு உரியது. 12ஆம் மெட்டில் அழுத்தினால் அதிரும் நீளம் பாதியாகிவிடுகிறது. கழுத்துப் பிக்கப் இப்போது அதன் நடுப்புள்ளியில் நிற்பதால் இரட்டைப்படைச் சீரிசைகள் ஏறத்தாழ மறைகின்றன. இரண்டு பிக்கப்புகளை ஒன்றாக இணைத்தால் சில மேற்சுரங்கள் கூடியும் சில எதிர்க்கட்டத்தில் மோதிக் குறைந்தும் புதியதொரு பண்பு பிறக்கிறது. தொடக்கத்தில் ஸ்ட்ராடோகாஸ்டரின் சுவிட்ச்சுக்கு மூன்று நிலைகளே இருந்தன. கலைஞர்கள் அதை இரு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி இப்பண்பைப் பெற்றனர். 1977இல் அந்நிறுவனமே ஐந்து நிலைச் சுவிட்சை அமைத்துவிட்டது.

இரண்டாம் காரணி: சுருள்

ஒற்றைச் சுருள் பிக்கப்பில் சுமார் 0.063 மி.மீ. விட்டமுள்ள செப்புக் கம்பி ஏறத்தாழ 8000 சுற்றுகள் சுற்றப்படுகிறது. சுற்றுகள் கூடினால் மின்னியக்கு விசை கூடும். ஆனால் தன்மின்தூண்டல் எண் சுற்றுகளின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. இச்சுருளும், இதனோடு சேரும் மின்தேக்குத்திறனும் ஓர் ஒத்ததிர்வுச் சுற்றாக அமைகின்றன. ஒத்ததிர்வு அதிர்வெண்ணின் அருகே ஒலி உயர்ந்து தெரியும். அதற்கு மேலுள்ள மேற்சுரங்கள் விரைவாகத் தேய்ந்துவிடும்.

தன்மின்தூண்டல் எண் 2.5 ஹென்றி, மொத்த மின்தேக்குத்திறன் 600 பிக்கோஃபாரடு என்று கொண்டால், ஒத்ததிர்வு சுமார் 4100 ஹெர்ட்ஸில் அமைகிறது. மனிதச் செவி மிகவும் கூர்மையாக உணரும் பகுதி இது. ஒற்றைச் சுருளின் 'பளிச்'சென்ற தன்மைக்கு இதுவே காரணம்.

ஒற்றைச் சுருளுக்கு ஒரு குறையும் உண்டு. மின்மாற்றிகளும் விளக்குகளும் பரப்பும் மாறுதிசைக் காந்தப்புலத்தையும் அது ஏற்றுக்கொண்டு இரைகிறது. கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955இல் இதற்குத் தீர்வு கண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957இல் அது கிதார்களில் இடம்பெற்றது. அருகருகே இரு சுருள்கள். ஒன்றின் சுற்றுத்திசையும் காந்த முனையும் மற்றதற்கு நேர்மாறானவை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு சுருள்களிலும் எதிரெதிராகத் தூண்டப்பட்டு நீங்கிவிடுகிறது. கம்பியின் அதிர்வுக்கோ இரு மாற்றங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், குறிப்பலைகள் கூடுகின்றன. தொடரிணைப்பில் தன்மின்தூண்டல் எண் 4.5 ஹென்றி அளவுக்கு உயர்வதால், அதே 600 பிக்கோஃபாரடில் ஒத்ததிர்வு சுமார் 3060 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. இரட்டைச் சுருளின் ஒலி தடித்தும் மென்மையாகவும் இருப்பதன் பொருள் இதுதான்.

மூன்றாம் காரணி: இணைப்பு

மேற்கண்ட 600 பிக்கோஃபாரடில் சுருளுக்கு உரியது சுமார் 100. மீதி 500, மீட்டருக்கு 100 வீதம் ஐந்து மீட்டர் இணைப்புக் கம்பிக்கு உரியது. அதற்குப் பதிலாகப் பத்து மீட்டர் கம்பியைப் பயன்படுத்தினால் மொத்தம் 1100 ஆகி, ஒற்றைச் சுருளின் ஒத்ததிர்வும் சுமார் 3030 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. 'பழைய கூர்மை போய்விட்டது' என்று புதிய பிக்கப் வாங்க எண்ணுபவர், முதலில் இணைப்புக் கம்பியை அளந்து பார்ப்பது நல்லது.

பிக்கப்பின் உயரமும் முக்கியமானது. கம்பிக்கு அருகில் உயர்த்தினால் ஒலி வலுக்கும். ஆனால் காந்தம் மிக நெருங்கினால் கம்பியை இழுத்து, அதன் இயல்பான அதிர்வைக் கெடுத்துச் சுருதியையே தடுமாறச் செய்யும். அதைச் சரிசெய்யச் செலவே இல்லை. ஒரு திருப்புளி போதும். கடைகளில் பிக்கப்பின் மின்தடையை மட்டும் கூறி, 'மிகுதியான ஓம், மிகுதியான தரம்' என்பதுபோல் விற்பதுண்டு. மெல்லிய கம்பியைச் சுற்றினாலே மின்தடை கூடிவிடும் என்பதை முதலாண்டு மாணவரும் அறிவார்.

செய்து பார்க்கலாம்

இவற்றைச் சோதிக்க மின் கிதார் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. நம் ஆய்வகத்துச் சோனாமீட்டர் போதும். பழைய தொலைபேசியின் செவிப்பகுதியில் உள்ள இரும்புத் தகட்டை நீக்கினால் காந்தமும் சுருளும் ஆயத்தமாகக் கிடைக்கும். அதை எஃகுக் கம்பியின் அடியில் வைத்துப் பெருக்கியோடோ ஆசிலோஸ்கோப்போடோ இணைக்கலாம். கம்பியின் ஓரத்தில் மீட்டி, சுருளை முனையருகிலிருந்து நடுப்புள்ளி வரை சிறிது சிறிதாக நகர்த்தினால், ஒலி மாறுவதைச் செவியும் அலைவடிவம் மாறுவதைக் கண்ணும் உணரும்.

இடம், சுருள், இணைப்பு ஆகிய மூன்றும் நம் பாடத்திட்டத்துக்குள் அடங்கியவையே. தேர்வுக்காக நாம் எழுதிவைக்கும் கணுவும் தூண்டலும் ஒத்ததிர்வும் ஒரு கலைஞனின் விரலடியில் ஒவ்வொரு நொடியும் வேலை செய்கின்றன. விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்கும் இசையார்வலருக்கும், இயற்பியல் வறண்ட பாடம் என்று சலிக்கும் மாணவருக்கும் இந்தச் சிறு சுருள் சொல்லும் செய்தி ஒன்றே: உள்ளதை நன்கு அறிந்துகொண்டால், அதனிடமிருந்தே புதிய ஒலிகள் பல பெறலாம்.