சீஸ் தட்டா? நம்ம வீட்டிலேயே வைக்கலாம்!



பல்லாவரத்தில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குச் சுண்டலும் போண்டாவும் செய்து தர எங்கள் குழு ஒப்புக்கொண்டிருந்தது. பேசி முடிக்கும் நேரத்தில் அந்த வீட்டம்மா, "ஒரு சீஸ் பிளேட்டும் வைப்பீங்களா?" என்று கேட்டார். நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். தெரியாது என்று சொன்னால் மொத்த ஆர்டரும் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம். சரி என்று சொல்லிவிட்டு, பிறகு விசாரித்துக் கற்றுக்கொண்டோம்.

சீஸ் தட்டு என்பது பெரிய சமையல் இல்லை. ரெண்டு மூணு வகை சீஸை ஒரு வாய் அளவுக்கு நறுக்கி, பக்கத்தில் பழம், கடலை, மொறுமொறுப்பாக ஏதாவது வைப்பது, அவ்வளவுதான். சீஸில் கொழுப்பு அதிகம், கடைச் சீஸில் உப்பும் அதிகம். அதை மட்டும் தின்றால் சீக்கிரம் திகட்டும். நடுவில் ஒரு புளிப்புத் திராட்சையோ அன்னாசித் துண்டோ போட்டுக்கொண்டால் வாய் சுத்தமாகி, அடுத்த துண்டுக்குக் கை போகும்.

பன்னீரும் ஒரு வகை சீஸ்தான். இதை நாமே செய்துவிடலாம். ஆரஞ்சு பாக்கெட் ஆவின் பால், அல்லது கறந்த எருமைப் பால் ஒரு லிட்டர் எடுத்துக் காய்ச்சுங்கள். பொங்கியதும் இறக்கி ரெண்டு நிமிடம் விடுங்கள். ரெண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு வெந்நீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மெதுவாகக் கிளறுங்கள். பால் திரிந்து, தண்ணீர் இளம்பச்சையாகத் தெளிந்ததும் நிறுத்திவிடுங்கள். மேலும் சாறு ஊற்றினால் பன்னீர் புளிக்கும். மெல்லிய பருத்தித் துணியில் வடித்து, குளிர்ந்த தண்ணீரில் ஒரு அலசு அலசி, முடிந்து, மேலே கனமான பாத்திரத்தை அரை மணி நேரம் வையுங்கள். 150 முதல் 200 கிராம் வரை கிடைக்கும். வடித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். சப்பாத்தி மாவு பிசைய நல்லது.

பாதிப் பன்னீரை வெறும் உப்பு, மிளகுத்தூளிலும், மீதியை இட்லி மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் கலந்து அதிலும் புரட்டி எடுங்கள். சிரிக்காதீர்கள்! சென்னையில் 2016இல் நம்ரதா சுந்தரேசன், அனுராதா கிருஷ்ணமூர்த்தி என்ற ரெண்டு பெண்கள் சேர்ந்து 'கேஸே' என்ற பெயரில் சீஸ் தொழில் ஆரம்பித்தார்கள். காது கேளாத பெண்களுக்குச் சீஸ் செய்யப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்தார்கள். அவர்களும் நம்ம மிளகாய்ப்பொடியைச் சீஸோடு சேர்த்துத்தான் விற்றார்கள்.

இன்னொரு வகைக்குக் கடையில் சீஸ் கட்டி வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்கள். பாலை உறைய வைக்கும் 'ரென்னெட்' சில வெளிநாட்டுச் சீஸ்களில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்ததாக இருக்கும். அதனால் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது, பொடி எழுத்தில் தாவர எண்ணெய் என்று போட்டிருந்தால் அது முழுக்கப் பாலில் செய்தது இல்லை. விலை குறைவாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

தட்டுக்கு எங்கள் கணக்கு இது: பத்து பேருக்கு அரை கிலோ சீஸ். அதில் பன்னீர் 300 கிராம் என்றால் ரெண்டு லிட்டர் பால் தாராளமாகப் போதும். மீதி 200 கிராம் கடைச் சீஸ். கூடவே திராட்சை, கொய்யா, வறுத்த வேர்க்கடலை, தட்டை, நாலைந்து கடலை மிட்டாய். எவர்சில்வர் தாம்பாளத்தில் வாழை இலை விரித்து, பழத்தின் ஈரம் தட்டையில் படாமல் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் நமுத்துப்போகும். விலை சொல்லும்போது பழம், கேஸ், ஆட்டோ, ரெண்டு பேர் கூலி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கூட்டுங்கள். நாங்கள் முதலில் கூலியை விட்டுவிட்டோம்.

அதைவிடப் பெரிய தப்பு வேறு. அது மே மாதம். நாலு மணிக்கே தட்டை மேசையில் வைத்துவிட்டோம். கேக் வெட்டும்போது மணி ஏழு. பன்னீரில் புளித்த வாடை வந்துவிட்டது. குழந்தைகள் கை வைக்கும் முன்னே எடுத்துக் கொட்டினோம், அதற்குக் காசும் வாங்கவில்லை. பன்னீரை வெளியில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது; கத்திரி வெயில் காலத்தில் ஒரு மணி நேரம்தான். இப்போது ஐஸ் போட்ட பெட்டியில் எடுத்துப் போய், பரிமாற இருபது நிமிடத்துக்கு முன்புதான் தட்டில் அடுக்குகிறோம். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் வீட்டுப் பன்னீரை ரெண்டு நாளுக்குள் தீர்த்துவிடுவோம்.

விற்பதற்குச் செய்கிற குழுக்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது கட்டாயம். பதிவு எண் கையில் இருந்தால்தான் பெரிய ஆர்டர் கேட்கப் போக முடியும். எங்கள் குழுவில் அடுத்த கூட்டத்துக்கு ரெண்டு லிட்டர் பால் வாங்குவதாகத் தீர்மான நோட்டில் எழுதியிருக்கிறோம். பார்க்க விரும்பும் குழுக்கள் ஊக்குநரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள்.