வரி நழுவுவது ஏன்?

கைப்பேசியில் ஊர்ச் செய்தி படிக்கும் அன்பர்கள் அறிந்த தொல்லை இது. மதுரை மழைச் செய்தியில் கண் பதிக்கும்போதே வரி கீழே நழுவுகிறது. தொட்ட விரல் நகைக்கடை விளம்பரத்தைத் திறக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் தம் கைநடுக்கம் என்றே எண்ணி வருந்துகிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை.

எழுத்து முதலில் வந்துவிடும். விளம்பரம் பெரும்பாலும் வேறொரு கணினியிலிருந்து தாமதமாக வரும். அதற்கு முன்கூட்டியே இடம் ஒதுக்காத பக்கத்தில், அது எழுத்தைத் தள்ளிவிட்டு உட்காருகிறது. முன்பதிவில்லாமல் ரயிலேறி, "கொஞ்சம் நகருங்கள்" என்பாரே, அவரைப் போல! இந்த நழுவலுக்கு 2020-இல் கூகுள் ஓர் அளவுகோல் வகுத்தது, 0.1-க்குள் இருந்தால் நல்ல பக்கம்.

சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளில் வாசிப்பு முறை உண்டு. அதைத் தொட்டால் விளம்பரங்கள் விலகும், எழுத்தையும் பெரிதாக்கலாம். பிள்ளைகள் இதைத் தாத்தா பாட்டிக்குக் காட்டித் தரலாம். சில பக்கங்களில் அந்தக் குறி தோன்றாது. அங்கே பக்கம் முழுதும் வந்து சேரும்வரை விரலை விலக்கி வைப்பதே வழி.